கை முறிந்தபோதே கேட்டிருக்க வேண்டும்

ராகலை உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை. விசாரித்தோம். "அம்மாயி விழுந்துட்டாங்க சேர். அம்மா மலைக்குப் போகணும், நான்தான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அம்மாயி உயரத்தில் இருந்து விழவில்லை. லயத்து வாசலில் ஈரத்தில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், ஆறியது. இந்தச் சின்ன விழுகைக்கு எலும்பு ஏன் முறிந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "வயசாகிட்டு" என்று சொல்லி விட்டுவிட்டோம். அந்தப் பேச்சை இனி நிறுத்த வேண்டும்.

இதற்குப் பெயர் ஒஸ்டியோபொரோசிஸ். முழங்கால் மூட்டு வலி வேறு, இது வேறு. மூட்டு வலி சொல்லிக்கொண்டு வரும். இது முறியும் வரை சத்தமே போடாது. நம் எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு வகைக் கலங்கள் பழையதைத் தோண்ட, இன்னொரு வகை நிரப்பும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறைவதால் தோண்டுவது வேகமாகிவிடும், நிரப்புவது பின்தங்கிவிடும். ஒரு தடவை இப்படி முறிந்தவருக்கு மறுபடி முறியும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதைப் பற்றி நம் நாட்டிலேயே வருஷக்கணக்காக ஆராய்ந்தவர் காலி, ருஹுணு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பணியாற்றிய பேராசிரியர் சரத் லேகம்வசம். 2008இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகம் 'ஃப்ராக்ஸ்' என்ற கணிப்பு முறையை வெளியிட்டது. வயது, நிறை, உயரம், முன்பு முறிந்ததா, தாய் தகப்பனுக்கு இடுப்பு முறிந்ததா, புகைத்தல், ஸ்டீரொய்ட் மருந்து என்று சில கேள்விகள். பதிலை வைத்து அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும். இலங்கைக்கான ஃப்ராக்ஸ் பற்றியும், எந்த அளவைத் தாண்டினால் இங்கே மருந்து தொடங்கலாம் என்பது பற்றியும் லேகம்வசம் 2013இல் எழுதினார்.

நமக்கு இதில் பெரிய விஷயம் என்ன? எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஆனால் ஸ்கேன் இல்லாமலும் ஃப்ராக்ஸ் கணக்குப் போடலாம். ஒரு போனும் ஐந்து நிமிஷமும் போதும்.

அப்படியானால் நம் பகுதி சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்க்கிறபோது இந்தக் கேள்விகளையும் ஏன் கேட்கக்கூடாது? ஆட்கள் குறைவு, வேலை கூட என்பார்கள். உண்மைதான். ஆனால் இடுப்பு முறிந்த ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிற செலவையும் கணக்கில் எடுங்கள். அந்தச் செலவில் ஒரு பிள்ளையின் படிப்பும் சேர்ந்திருக்கிறது.

ஃப்ராக்ஸிலும் ஒரு குறை உண்டு. எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று அது கேட்பதில்லை. நம் ஊரில் அதுதான் முதல் கேள்வி. மழையில், செங்குத்தான மலையில், முதுகில் கொழுந்தோடு இறங்குகிறவர்கள் நம் பெண்கள். ஆகவே லயத்துப் படிகளுக்குக் கைபிடி வைப்பதும், வாசல் பாசியைச் சுரண்டுவதும் எலும்பு வைத்தியம்தான். தோட்ட நிர்வாகங்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பிளேன்டீயும் ரொட்டியும் மட்டும் பகல் சாப்பாடு ஆகாது. முள்ளோடு நெத்தலி, கீரை, குரக்கன், முடிந்தால் பால் சேருங்கள். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் உம்மம்மாமார் வெயில் வரும்போது முற்றத்தில் கொஞ்சம் இருக்கட்டும். இழுப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீரொய்ட் குளிசை எடுப்பவர்கள் எலும்பைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஐம்பது தாண்டிய யாராவது சும்மா விழுந்து கை முறிந்தால், பிளாஸ்டர் வெட்டுகிற அன்றே கேளுங்கள்: "டொக்டர், எலும்பைச் சோதிக்க வேணுமா?" இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது கிழமைக்கு மூன்று நாள் வருகிறாள். மற்ற நாள் பாடத்தை நாங்கள் மாலையில் சொல்லிக் கொடுக்கிறோம். அடுத்த பிள்ளைக்கு இந்த நிலை வரக்கூடாது. பள்ளிவாசல், கோவில், பன்சலை, சேர்ச் எல்லா இடத்திலும் இதைப் பேசுங்கள்.