கறுப்புத் திரைக்கு ஏன் பயம்?

கடந்த பருவ விடுமுறையில் ரிங்லெட்டுக்கு அப்பால் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் இருந்தபடி ஒரு பயிற்சியை முடிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக சர்வரில் மூன்று மெய்நிகர் கணினிகளை இயக்கி இணைக்க வேண்டும். மெய்நிகர் கணினி என்றால், ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. நினைவகம், வட்டு, இயங்குதளம் எல்லாம் அதற்குத் தனி.

வகுப்பில் காட்டியபடியே ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தேன். மலைச்சரிவில் எங்களுக்குக் கிடைப்பது ஒற்றைக் கோடு அலைவரிசை. திரை பாதி வந்து உறைந்துவிட்டது. ஒப்படைக்க இரண்டே நாள்தான் பாக்கி.

மூத்த மாணவி ஒருவர், "படத்தை விட்டுட்டு எழுத்துல போம்மா" என்றார். எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து 'விர்ஷ்' கட்டளையைப் பிடித்துக்கொண்டேன். லினக்ஸ் கருவில் 2007-இல் சேர்ந்த கேவிஎம் நுட்பத்தில் இயங்கும் கணினிகளை நிர்வகிக்க அது போதும். 'லிஸ்ட்' என்றால் பட்டியல் வரும், 'ஸ்டார்ட்' என்றால் கணினி எழும். ரிமோட் டெஸ்க்டாப் திரையையே படமாக அனுப்புகிறது. இங்கே போய் வருவது சில எழுத்துகள் மட்டும். நலிந்த இணைப்பு அதைத் தாங்கியது. எட்டிப் பார்த்த அப்பா, "என்னம்மா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

பயம் எனக்கும் இருந்தது. 'டெஸ்ட்ராய்' என்ற கட்டளையைப் பார்த்ததும் கை நடுங்கியது. உண்மையில் அது எதையும் அழிப்பதில்லை; மின்கம்பியைப் பிடுங்குவது போல் கணினியைச் சட்டென நிறுத்துகிறது, அவ்வளவுதான். சேமிக்காத வேலை போகலாம், வட்டு அப்படியே இருக்கும். பதமாக நிறுத்த 'ஷட்டவுன்' உண்டு. ஆபத்தான மாற்றத்துக்கு முன் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். நான் இரண்டு முறை திரும்பினேன்!

கட்டளைகளை மனனம் செய்வது கடினம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். யார் மனனம் செய்யச் சொன்னது? நோட்டில் எழுதி வைக்கலாமே. எங்கே எதைச் சொடுக்குவது என்று விளக்க இருபது படங்கள் வேண்டும். ஐந்து வரிக் கட்டளையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

என் கருத்து இதுதான்: விரிவுரையாளர்கள் கட்டளை வரியைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்காமல் முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டும். நகரத்து மாணவருக்கு அது கூடுதல் திறன். தோட்டத்து மாணவருக்குச் சில நாள்களில் அது ஒன்றே வழி.

ஐந்தாம் படிவம் படிக்கும் என் தம்பியிடம் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி இருக்கிறது. வரைகலைத் திரை இல்லாத லினக்ஸுக்கு 1 ஜிபி போதும். வெர்ச்சுவல்பாக்ஸில் அப்படி ஒரு கணினியை அமைத்து, ஜன்னலே திறக்காமல் கட்டளையால் இயக்கக் கற்றுக்கொடுத்தேன். போன வாரம் அதை இரண்டு முறை கெடுத்துவிட்டானாம். இரண்டு முறையும் அவனே மீட்டுவிட்டான்.