வீட்டை விற்குமுன்

 

வீட்டை விற்பதென்று முடிவெடுத்தவுடன் நாம் முதலில் யாரைத் தேடுகிறோம்? வெள்ளையடிப்பவரைத்தான். வெளிச்சுவருக்கு வண்ணம், கதவுகளுக்கு வார்னிஷ், முற்றத்துக்குச் சிமெண்ட் பூச்சு என்று செலவு செய்கிறோம். வீட்டைத் துப்புரவாக்கிக் காட்டுவதில் தவறேதுமில்லை. ஆனால் சுவரைத் தொடுமுன் நாம் திறந்து பார்க்க வேண்டியது பத்திரப் பெட்டியை. கூடவே நம் மனத்தையும்.

எங்கள் வாப்பா வஃபாத்தாகி இரண்டாண்டுகள் கழித்து, நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை விற்க நேர்ந்தது. காக்கா வெளிநாட்டில் இருந்தார். ராத்தா புகுந்த வீட்டில். நான் மட்டுமே உம்மாவோடு நின்று காரியம் பார்த்தேன். சமையலறையின் வடக்குச் சுவரில் மழைக்காலந்தோறும் ஓதம் ஏறும். வீட்டைப் பார்க்க வந்த தரகர், “பட்டி பார்த்து ஒரு பூச்சு அடித்துவிடுங்கள், கோடையிலேயே விற்றுவிடலாம்” என்றார். “ராத்தாவிடம் கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும், கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பிவிட்டீர்களே!” என்றும் சொன்னார். உண்மையைச் சொன்னால், இரண்டு யோசனைகளுமே எனக்குச் சரியாகத்தான் பட்டன.

அடுப்படியிலிருந்து உம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகு என்னை அழைத்துச் சொன்னார்கள்: “தம்பி, நாளைக்கு இன்னொருத்தி இந்தச் சுவரோரம் நின்று சமைக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் விற்பாயோ? ராத்தாவுக்கு நகை போட்டது உன் வாப்பா மனமுவந்து கொடுத்தது. இந்த வீட்டில் அவளுக்குள்ளது அல்லாஹ் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாக்காதே.”

நான் தலைகுனிந்தேன். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! எங்கள் வீட்டில் ஈரம் தானியத்தில் இல்லை, சுவரில் இருந்தது, வேறுபாடு அவ்வளவே.

இனி, வாசகர்கள் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பங்கு. இறந்தவரின் அடக்கச் செலவு, கடன், மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சுவதே வாரிசுகளுக்கு உரியது. மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே என்பதை மறக்கலாகாது. மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு மகள் மட்டும் வாரிசுகளாயின், சொத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7 வரும். மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம்; ஆனால் அது எவ்வளவென்று அறிந்து, மனமார விட்டுக்கொடுக்க வேண்டும். கூட்டத்தில் வெட்கப்பட்டு மௌனமாயிருந்ததைச் சம்மதமென்று எழுதிக்கொள்வது நியாயமன்று.

இரண்டாவது, சிறுவர்கள். வாரிசுகளில் வயதுவராத பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பங்கைத் தாய் தாமாக விற்றுவிட இயலாது. நம் நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி, தாய் பிள்ளையை வளர்க்கும் உரிமை பெற்றவராயினும் சொத்துக்கு இயல்பான காப்பாளர் ஆகமாட்டார். நீதிமன்றத்தின் வழியே காப்பாளராக நியமனமும் விற்பனைக்கு அனுமதியும் பெற வேண்டும். இதைச் செய்யாமல் எழுதிய பத்திரம், பிள்ளை வளர்ந்த பின் வழக்காக வந்து நிற்கும்.

மூன்றாவது, வாய்மொழி ஹிபா. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. பல குடும்பங்களில் எழுத்தே இராது. கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறியிருந்தால் பதிவில்லாத ஹிபாவும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியுள்ளது. ஆயினும் அது வில்லங்கச் சான்றில் ஏறாது. வாங்குபவர் தயங்குவார், வங்கியும் கடன் தராது. ஆகவே கொடுத்தவர் உயிரோடிருக்கும்போதே பத்திரமாக்கிப் பதிவு செய்வது நலம். அவர் காலமாகிவிட்டால், மற்ற வாரிசுகள் அனைவரும் விற்பனைப் பத்திரத்தில் சேர்ந்து கையொப்பமிடுவது பின்னால் எழும் பிணக்கைத் தடுக்கும்.

நான்காவது, ஆவணங்கள். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள் ஆகியவற்றை ஒரே உறையில் சேருங்கள். வில்லங்கச் சான்றை வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டுகளுக்குக் கேட்பார்கள். அடமானம் தீர்ந்திருந்தும் ரத்துப் பத்திரம் பதிவாகாமல் விட்டிருக்கிறதா என்று அதில் பாருங்கள். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் மாதங்கள் ஆகலாம். எனவே முன்பணம் வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள்.

ஐந்தாவது, பணம். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று பேசாதீர்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடை செய்திருக்கிறது. மறைத்து வாங்கும் பணத்தில் பங்கு பிரிக்கும்போது உடன்பிறந்தோரிடையே ஐயமும் பிறக்கும்.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். ஓதமேறிய சுவரைக் காட்டியதும் முதலில் வந்தவர் திரும்பவே இல்லை. நான்கு மாதம் காத்திருந்தோம். பிறகு வந்த ஆசிரியர் ஒருவர், சுவரைச் சீர்செய்யும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கினார். எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான், காக்காவுக்கு என்மீது சிறிது வருத்தமும் இருந்தது.

கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் போனேன். காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “கையெழுத்துக்கு மட்டும்தான் கூப்பிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன், தம்பி” என்றார்கள். அந்தச் சொல் இன்றுவரை என் நெஞ்சில் இருக்கிறது. உம்மா மட்டும் அன்று அடுப்படியில் இல்லாதிருந்தால், நான் அப்படித்தானே செய்திருப்பேன்?

உங்கள் வீட்டிலும் இப்படியொரு விற்பனை வரலாம். சுண்ணாம்பு வாளியைத் தூக்குமுன், உங்கள் சகோதரிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.