உருவியவன் மேல் பழி போடாதீர்கள்

பென் டிரைவை அப்படியே உருவியதற்காகத் திட்டு வாங்காதவர் நம்மில் எத்தனை பேர்? "சேஃப்லி ரிமூவ் கொடுக்காம எடுத்தீங்களா சார்?" என்று கடைப் பையன் கேட்டதும் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டியவர்கள் அவர்கள் அல்ல, கர்னல் எழுதுகிறவர்கள் என்பது என் கட்சி.

பழைய தட்டையான யூ.எஸ்.பி. பிளக்கின் வாயை உற்றுப் பாருங்கள். நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் நீளம், நடுவில் உள்ளவை குட்டை. ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை தகவலுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும். உருவும்போது தகவல் இணைப்பு முதலில் அறும், மின்சாரம் கடைசியில் போகும். 1996-இல் இந்தத் தரத்தை வகுத்தவர்களுக்கு, மனிதன் இதைப் பிடுங்கத்தான் போகிறான் என்று தெரிந்திருக்கிறது. இரும்பு செய்தவனுக்குத் தெரிந்தது நிரல் எழுதியவனுக்கு ஏன் தெரியவில்லை?

கர்னலுக்குச் செய்தி வராமல் இல்லை. இணைப்பு போனதை ஹப் கண்டுபிடித்துச் சொல்கிறது. லினக்ஸில் உடனே அந்தச் சாதனத்துக்கான டிரைவரின் 'டிஸ்கனெக்ட்' பகுதி அழைக்கப்படுகிறது. அது செய்ய வேண்டியது மூன்றே வேலை. பாதியில் நிற்கும் வேலைகளை ரத்து செய்ய வேண்டும். சாதனத்தைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களுக்கு 'சாதனம் இல்லை' என்று பதில் சொல்ல வேண்டும். அவற்றில் கடைசி நிரலும் கையை விடும்வரை நினைவகத்தை விடுவிக்காமல் காத்திருக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது வீட்டை இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இடிக்கிறார்கள். 2017-இல் கூகுளின் சிஸ்காலர் சோதனைக் கருவி லினக்ஸின் யூ.எஸ்.பி. பகுதியில் டஜன் கணக்கில் பிழைகளைக் கண்டுபிடித்தது. விடுவித்த நினைவகத்தையே மறுபடி தொடும் வகையும் அவற்றில் உண்டு.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுகளின் கதை இன்னும் வேடிக்கை. கார்டு போன பிறகு அதைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகவே வரும். 'இந்த பிட் பூஜ்யமாகும்வரை காத்திரு' என்று எழுதிய டிரைவர் யுகக்கணக்கில் காத்திருக்கும். நமக்குத் தெரிவதோ உறைந்துபோன திரை.

நான் வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தில், எக்ஸ்சேஞ்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதான கார்டை உருவிப் புதியதைச் செருகுவோம். அந்தக் கார்டில் இருந்த இணைப்புகள் மட்டும் நிற்கும். மற்ற ஊர் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். அது அதிசயம் அல்ல, அப்படி வடிவமைத்திருந்தார்கள்.

1998 ஏப்ரலில், பில் கேட்ஸ் நின்ற மேடையிலேயே, விண்டோஸ் 98-இல் ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்தது. உலகமே சிரித்தது. செருகுவதை மேடையில் காட்டுவார்கள், அதனால் அது சீரானது. உருவுவதை யார் காட்டுகிறார்கள்?

"எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்தக் கர்னல் காப்பாற்றும்?" என்று கேட்பார்கள். நியாயம். எழுதிக்கொண்டிருந்த அந்தக் கோப்பு போகட்டும். ஆனால் நகலெடுத்து முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் கோப்பு நினைவகத்திலேயே கிடக்கிறதே, அதற்கு என்ன பதில்? லினக்ஸின் வழக்கமான அமைப்பில் எழுதாத தகவல் முப்பது விநாடி வரைகூட அப்படிக் காத்திருக்கலாம். வேகம் காட்டுவதற்காகச் சொல்லும் பொய் இது. மைக்ரோசாஃப்ட் 2018-இல், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், 'விரைவாக அகற்றல்' முறையையே இயல்பாக்கியது. கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, குற்றம் யாருடையது?

நான் கேட்பது இரண்டுதான். எழுதி முடித்த பிறகு மட்டும் 'முடிந்தது' என்று சொல்லுங்கள். டிரைவரை வெளியிடும் முன், அது ஓடும்போதே சாதனத்தை நூறு முறை பிடுங்கிப் பாருங்கள்.

அதுவரை நண்பர்களே, நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தியே எடுங்கள். பேத்தியின் கல்யாணப் படங்கள் முக்கியம். ஆனால் யாராவது திட்டினால் தலை குனியாதீர்கள். அந்த நீளத் தகட்டைக் காட்டுங்கள்.