எலெக்ட்ரிக் காரா, பெட்ரோல் காரா... அதிகம் தீப்பிடிப்பது எது? அபார்ட்மென்ட்வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

எலெக்ட்ரிக் கார் ஒன்று எரியும் வீடியோ வந்தால் போதும், அடுத்த அரை மணி நேரத்தில் எல்லா அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் அது சுற்றிவிடும். "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், பேஸ்மென்ட்ல சார்ஜ் போட விடாதீங்கன்னு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பெட்ரோல் கார் மட்டும் எரியாதா சார்?" என்று இன்னொருவர் கேட்பார். விவாதம் சங்கக் கூட்டம் வரை போகும்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்த கார் அதிகம் தீப்பிடிக்கும் என்பது ஒரு கேள்வி. தீப்பிடித்தால் எது அதிக ஆபத்து என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டை முடிய மாட்டேன் என்கிறது.

இரண்டு பார்க்கிங், இரண்டு தீ

2023 அக்டோபர் 10. லண்டனுக்கு வடக்கே இருக்கும் லூட்டன் விமான நிலையத்தின் அடுக்குமாடி கார் பார்க்கிங்கில் ஒரு கார் எரிய ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் தீ மாடி மாடியாகப் பரவி, கட்டடத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. சுமார் 1,400 வாகனங்கள் நாசம். விமானச் சேவையும் நிறுத்தப்பட்டது. "எலெக்ட்ரிக் கார்தான் காரணம்" என்று சமூக வலைதளங்களில் அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால், முதலில் எரிந்தது ஒரு டீசல் கார் என்று தீயணைப்புத் துறை அறிவித்தது.

2024 ஆகஸ்ட் 1. தென் கொரியாவின் இஞ்சியோன் நகரம். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் நின்றிருந்த மெர்சிடிஸ் எலெக்ட்ரிக் கார் திடீரெனப் புகைந்து வெடித்து எரிந்தது. அப்போது அது சார்ஜில் கூட இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. தீயை முழுமையாக அணைக்க சுமார் 8 மணி நேரம் ஆனது. ஏறக்குறைய 140 வாகனங்கள் சேதமடைந்தன. புகையால் பாதிக்கப்பட்ட 20-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கணக்கான வீடுகளில் கரண்டும் தண்ணீரும் இல்லை.

ஒன்று டீசல், இன்னொன்று எலெக்ட்ரிக். ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. லூட்டன் பார்க்கிங்கில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அமைப்பே இல்லை. இஞ்சியோனில் இருந்தது, ஆனால் தீ எச்சரிக்கை ஒலித்த நேரத்தில் ஊழியர் ஒருவர் அதை நிறுத்திவிட்டது விசாரணையில் தெரியவந்தது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, எது அதிகம் தீப்பிடிக்கிறது?

எலெக்ட்ரிக் கார்கள் அதிகம் ஓடும் நாடுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஸ்வீடனின் பேரிடர் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லட்சம் எலெக்ட்ரிக் மற்றும் ஹைபிரிட் கார்களில் தீப்பிடித்தவை 3.8. எல்லா வகை கார்களையும் சேர்த்துப் பார்த்தால் லட்சத்துக்கு 68. நார்வேயிலும் எலெக்ட்ரிக் கார்களைவிட பெட்ரோல், டீசல் கார்களில் நான்கைந்து மடங்கு அதிகமாகத் தீ விபத்து நடப்பதாக அந்நாட்டு அரசு அமைப்பு கூறுகிறது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்வீடன் கணக்கில் வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட கார்களும் அடக்கம். அடுத்தது வயசு. சாலையில் ஓடும் எலெக்ட்ரிக் கார்களில் பெரும்பாலானவை புதுசு. 15 வருடம் ஓடி, ஹோஸ் வெடித்து, ஒயர் உரிந்துபோன பெட்ரோல் கார்களோடு அவற்றை ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. எலெக்ட்ரிக் கார்களுக்கும் வயதாகும்போது இந்த இடைவெளி குறைய வாய்ப்புண்டு. ஆனாலும், 'எலெக்ட்ரிக் கார்தான் அதிகம் எரிகிறது' என்று சொல்ல இந்தக் கணக்குகளில் இடமே இல்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு கணக்கும் உண்டு. பெட்ரோல் காரில் லட்சத்துக்கு 1,530 தீ விபத்து, எலெக்ட்ரிக் காரில் வெறும் 25 என்று அது சொல்லும். எலெக்ட்ரிக் கார் ஆதரவாளர்கள் விரும்பி ஃபார்வர்டு செய்வது இதைத்தான். ஆனால், விற்பனையான கார்களின் எண்ணிக்கையோடு தீ விபத்துகளை ஒப்பிட்டு வந்த எண் அது. சாலையில் ஓடும் மொத்த கார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரி. இல்லையென்றால், பல வருடங்களாக ஓடும் பழைய பெட்ரோல் கார்களின் தீயெல்லாம் புது கார்களின் தலையில் விழும். எனவே இதை நம்பி யாரிடமும் வாதாட வேண்டாம்.

பெட்ரோல் கார் ஏன் எரிகிறது?

பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே சூடான இன்ஜின், சூடான சைலன்சர். நடுவில் இருப்பது ரப்பர் ஹோஸ்கள்தான். ஒரு ஹோஸில் கசிவு, எலி கடித்த ஒயர், வெளிக்கடையில் போட்ட ஹாரன், லைட், மியூசிக் சிஸ்டம் ஒயரிங் என்று ஏதாவது ஒன்று போதும். ஆனால் இந்தத் தீயை நமக்குப் பழக்கம். புகை வரும், வாசனை வரும், தீயணைப்பு வீரர்களுக்கும் அதை அணைக்கும் வழி நூறு வருடமாகத் தெரியும். நுரை அடித்தால் சீக்கிரம் அடங்கிவிடும்.

எலெக்ட்ரிக் கார் பேட்டரியில் என்ன நடக்கிறது?

எலெக்ட்ரிக் காரின் பேட்டரி ஒரே பெட்டி போலத் தெரிந்தாலும், உள்ளே நிறைய சின்னச் சின்ன செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேர்முனையும் எதிர்முனையும் ஒட்டாமல் இருக்க மெல்லிய தடுப்புத் தாள் உண்டு. தயாரிப்புக் கோளாறு, விபத்தில் அடிபடுவது, அளவுக்கு மீறிய சார்ஜ், வெளியிலிருந்து கடும் சூடு என ஏதோ ஒரு காரணத்தால் அந்தத் தாள் கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

அந்த செல் சூடாகும். அதன் சூட்டில் பக்கத்து செல் சூடாகும். அது அடுத்ததை எரிக்கும். பட்டாசுச் சரம் மாதிரி இது தொடர்வதைத்தான் 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் வாயுக்களும், ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் வெளியேறும். மூடிய இடமாக இருந்தால் தீயைவிடப் புகையே முதலில் ஆளைக் கொல்லும்.

அணைப்பதில்தான் சிக்கல்

பேட்டரி காரின் அடிப்பகுதியில், உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே இருந்து தண்ணீர் அடித்தால் சூடான செல்லுக்கு நேராகப் போய்ச் சேராது. கொழுந்து அடங்கினாலும் உள்ளே சூடு தணிய நேரமாகும். இப்படி ஒரு பேட்டரி தீயை அணைத்துக் குளிர்விக்க 3,000 முதல் 8,000 கேலன் வரை தண்ணீர் தேவைப்படலாம் என்று டெஸ்லா நிறுவனம் மீட்புப் படையினருக்கான கையேட்டில் குறிப்பிட்டிருக்கிறது. லிட்டரில் சொன்னால் சுமார் 11,000 முதல் 30,000 வரை. சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில், ஒரு லாரியில் ஆரம்பித்து இரண்டரை லாரி!

அணைந்துவிட்டது என்று நினைத்த பேட்டரி மறுபடி பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. சேதமான பேட்டரிக்குள் தங்கிவிடும் மின்சாரம் மீட்புப் படையினருக்கும், வண்டியை இழுத்துச் செல்பவர்களுக்கும் ஆபத்து என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தனி அறிக்கையே வெளியிட்டது.

அதற்காக எலெக்ட்ரிக் கார் தீயில் வெப்பம் பல மடங்கு அதிகம் என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் 'ரைஸ்' ஆய்வு நிறுவனம் இரண்டு வகை கார்களையும் எரித்துப் பார்த்த சோதனையில், வெளியான மொத்த வெப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. காரணம், எந்த காராக இருந்தாலும் சீட், பிளாஸ்டிக், டயர் எல்லாம் சேர்ந்துதானே எரிகிறது!

எல்லா பேட்டரியும் ஒன்றா?

இல்லை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த 'என்.எம்.சி.' பேட்டரிகள் சின்ன இடத்தில் அதிக சக்தியைச் சேமிக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும் திறன் குறைவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எனப்படும் 'எல்.எஃப்.பி.' பேட்டரிகள் கொஞ்சம் கனம், ஆனால் தெர்மல் ரன்அவே நிலைக்குப் போக அதிக வெப்பம் தேவை. டாடா நெக்ஸான் இவி உள்பட இந்தியாவில் விற்கும் பல எலெக்ட்ரிக் கார்களில் இருப்பது எல்.எஃப்.பி.தான். அதற்காக அது எரியவே எரியாது என்று அர்த்தமில்லை.

தயாரிப்புக் கோளாறும் முக்கியம். அமெரிக்காவில் 2021-ல் ஜெனரல் மோட்டார்ஸ், தான் விற்ற செவர்லே போல்ட் எலெக்ட்ரிக் கார்கள் எல்லாவற்றையும், சுமார் 1.4 லட்சம் கார்களை, திரும்ப அழைத்தது. வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள், இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள் என்றும் அறிவுறுத்தியது. இதைக் கேட்டதும் 'பார்த்தீங்களா, எலெக்ட்ரிக்!' என்று தோன்றலாம். ஆனால் 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் சுமார் 34 லட்சம் வண்டிகளை இதே தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தன. பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகலாம், எனவே வீட்டைவிட்டுத் தள்ளி, வெளியே நிறுத்துங்கள் என்றன.

ஸ்கூட்டர் கதை வேறு

நம் ஊரில் எலெக்ட்ரிக் வண்டி என்றாலே வரும் பயத்துக்கு முக்கியக் காரணம் கார் இல்லை, டூவீலர். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அடுத்தடுத்து நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன.

அதன் பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. டூவீலர்களுக்கான ஏ.ஐ.எஸ். 156, கார்களுக்கான ஏ.ஐ.எஸ். 038 ஆகிய விதிகளின் கடுமையான வடிவம் 2022 டிசம்பர் முதலும், 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. எனவே அதற்கு முன்பு வாங்கிய பழைய வண்டியையும் இப்போது வரும் வண்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். படிக்கட்டுக்குக் கீழேயும், வாசல் கதவை ஒட்டியும் சார்ஜ் போடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

பேஸ்மென்டில் தடை போட்டால் பிரச்னை தீருமா?

இஞ்சியோன் தீக்குப் பிறகு தென் கொரியாவிலும் இதே விவாதம்தான். எலெக்ட்ரிக் கார்களை அண்டர்கிரவுண்டுக்குள் விட மாட்டோம் என்று சில குடியிருப்புகள் அறிவித்தன. 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறிய கார்களுக்கு அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் கட்டுப்பாடு என்றது சியோல் மாநகராட்சி. எந்த நிறுவனத்தின் பேட்டரி என்பதை கார் கம்பெனிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அரசு நெருக்கியது.

இந்தியாவில், வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே எலெக்ட்ரிக் வாகனத்தை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படியிருக்க, சங்கம் தடை போட்டால் என்ன நடக்கும்? மூன்றாவது மாடி பால்கனியில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கும். முறையான சார்ஜிங் பாயின்ட்டைவிட அது பல மடங்கு ஆபத்து.

இப்போது அந்த ஸ்பிரிங்க்ளர் விஷயத்துக்கு வரலாம். லூட்டனிலும் இஞ்சியோனிலும் ஒரு காரில் தொடங்கியது பெருந்தீயாக மாறியபோது, அதைத் தடுக்க மேலே இருந்து தண்ணீர் வரவில்லை. ஸ்பிரிங்க்ளர் பேட்டரியை அணைக்காமல் போகலாம். ஆனால் பக்கத்து காரைக் குளிர்விக்கும், தீயணைப்பு வண்டி வரும்வரை நேரம் வாங்கித் தரும். 'யாருடைய கார் எலெக்ட்ரிக்' என்று கேட்கும் சங்கக் கூட்டம், 'நம்ம ஸ்பிரிங்க்ளர் கடைசியா எப்போ செக் பண்ணினோம்' என்றும் கேட்க வேண்டும்.

என்ன செய்யணும்?

* சார்ஜிங்குக்கு தனி லைன், சரியான எர்த்திங், தகுந்த எம்.சி.பி. போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் வேண்டவே வேண்டாம்.

* கம்பெனி கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள்.

* அடிபட்ட, வெள்ளத்தில் மூழ்கிய எலெக்ட்ரிக் வண்டியை சார்ஜ் போடாதீர்கள். பேஸ்மென்டில் நிறுத்தாமல், திறந்த வெளியில் தள்ளி நிறுத்தி சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

* ஸ்கூட்டரையோ, கழற்றிய பேட்டரியையோ படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள். தூங்கும் நேரத்தைத் தவிர்க்கவும்.

* பெட்ரோல் காரில் பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம். வெளிக்கடை ஒயரிங் போட்டிருந்தால் நல்ல எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

* வண்டிக்கு அடியில் இருந்து புகையோ, 'உஸ்' என்ற சத்தமோ வந்தால் பக்கத்தில் போய்ப் பார்க்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்கு அழைத்து, எலெக்ட்ரிக் வண்டி என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

* தீ அலாரம் அடித்தால் 'சும்மா அடிக்குது' என்று அணைக்கக் கூடாது என்பதை செக்யூரிட்டிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இதுவரை உள்ள கணக்குப்படி எலெக்ட்ரிக் கார் தீப்பிடிப்பது அபூர்வம். ஆனால் பிடித்தால் அடக்குவது கஷ்டம். வீட்டுக்குக் கீழே நிற்பது எந்த காராக இருந்தாலும், அலாரமும் ஸ்பிரிங்க்ளரும் வேலை செய்கிறதா என்பதை இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.