முக்கியமானது ஏன் நழுவுகிறது?

டாக்டரின் சொந்த ஊர் கும்பகோணம் என்பது அப்பாவுக்கு நினைவிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது என்று அதே டாக்டர் சொன்னது நினைவில்லை. “வேண்டியதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறார்” என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். பல வீடுகளில் இது அநியாயமான குற்றச்சாட்டு.

இதற்குக் காரணம் லேசான அறிதிறன் குறைபாடாக இருக்கலாம். மருத்துவர்கள் அதை எம்.சி.ஐ. என்பார்கள். வயதுக்கேற்ற மறதியைவிடச் சற்றுக் கூடுதல், ஆனால் டிமென்ஷியா அளவுக்குப் போகாதது. சமையல், கடைகண்ணி, பென்ஷன் எல்லாம் ஏறக்குறைய வழக்கம்போல் நடப்பதால் வீட்டாருக்குச் சட்டென்று பிடிபடாது.

நினைவில் வைப்பதற்கு முன் மூளைக்கு ஒரு வேலை இருக்கிறது. காதில் விழும் பத்து விஷயங்களில் முக்கியமானதைப் பொறுக்கி, அதற்கு மனத்தைக் கொடுக்க வேண்டும். ஆலன் காஸ்டெலும் சக உளவியலாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் இருந்தது. சொல்லை நினைவுகூர்ந்தால் அந்த மதிப்பெண் கிடைக்கும். முதியவர்கள் மொத்தத்தில் இளையவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். ஆனால் மிக உயர்ந்த மதிப்பெண் கொண்ட சொற்களில் பின்தங்கவில்லை. எல்லாவற்றையும் பிடித்துவைக்க முடியாதென்று உணர்ந்து, அற்பமானதை விட்டுவிட்டார்கள். முதுமையின் இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பெரும் ஆறுதல்.

அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி 2009இல் காஸ்டெல் குழு வெளியிட்ட ஆய்வில் அந்தத் திறன் குறைந்திருந்தது. மதிப்பு கூடிய சொற்கள் அவர்களுக்கும் ஓரளவு கூடுதலாகவே நினைவில் நின்றன. எது பெரிது என்பது தெரிந்தே இருந்தது. தெரிந்தபடி கவனத்தைத் திருப்பும் பிடிதான் தளர்ந்திருந்தது. எம்.சி.ஐ. இயல்பான முதுமைக்கும் இந்த நிலைக்கும் இடைப்பட்டது. சிலருக்கு நினைவு மட்டும் பாதிக்கும், சிலருக்குக் கவனமும் சேர்ந்து தளரும். அப்படித் தளரும்போது மாத்திரையும் கும்பகோணமும் ஏறக்குறைய ஒரே எடையில் உள்ளே போகின்றன. அக்கறையின்மைக்கு இதில் இடமே இல்லை.

ஆகவே பொறுக்கும் வேலையில் நாம் கைகொடுக்க வேண்டும். டாக்டரிடமே, “இதில் தவறவே கூடாதது எது?” என்று கேட்டு, அதைத் தனியாக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மாத்திரை டப்பாவில் ஒட்டலாம். வீட்டில் சொல்லும்போது டி.வி.யை அணைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்கலாம். பேத்தி கல்யாணம், கரண்ட் பில், மாத்திரை மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது அவருக்குச் செய்யும் கொடுமை.

எம்.சி.ஐ. உள்ள எல்லோரும் டிமென்ஷியாவுக்குப் போவதில்லை. சிலர் அதே நிலையில் இருக்கிறார்கள், சிலர் இயல்புக்குத் திரும்புகிறார்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள்கூடக் கவனத்தைக் குலைக்கும். இவற்றுக்கு வழி உண்டு என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காதையும் சோதியுங்கள். சொல்வது என்னவென்று பிடிப்பதிலேயே கவனம் தீர்ந்துவிட்டால், அதில் முக்கியமானதைத் தேர்ந்தெடுக்க மிச்சமிருக்காது.