ஆட்டுப் பண்ணைக்கு அளவுகோல் எது?

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டிலுள்ள செம்மறியாடுகள் சுமார் 7.4 கோடியாகும். மந்தையின் வளத்தைத் தலைக்கணக்கால் மட்டும் மதிப்பிடும் பழக்கம் இன்னும் நீங்கியபாடில்லை. அது பொருந்தாத அளவுகோலாகும்.

ஒரு பண்ணையில் 100 பெட்டையாடுகள் கிடாவுடன் சேர்க்கப்பட்டு, அவற்றுள் 80 ஈன்று, 60 குட்டிகளே பால்மறக்கும் பருவத்தை எட்டின எனக் கொள்வோம். தீனிச் செலவு 100 ஆடுகளுக்கும் உண்டு; வருவாயோ 60 குட்டிகளைப் பொறுத்தது. ஈனாதவை மிகுந்தால், கிடாவின் நலத்தையும் சேர்க்கைக்கு முன் பெட்டைகள் பெற்ற தீனியையும் ஆராய வேண்டும். குட்டிகள் மடிந்தால், ஐந்து மாதச் சினைக்காலத்தின் கடைசி ஆறு வாரத் தீனி, சீம்பால், கொட்டிலின் தூய்மை, தடுப்பூசி ஆகியவற்றை நோக்க வேண்டும். இவ்விரு குறைகளையும் பிரித்துக் காட்டுவது பதிவேடே.

இராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962இல் நிறுவப்பெற்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுக்கும் நல்லினக் கிடாக்களின் பயனும், குட்டிகளின் எடையைக் குறிக்காத பண்ணையில் புலப்படாது.

ஆதலின், மருந்துப் பெட்டியுடன் பதிவேட்டையும் மந்தைக்கு எடுத்துச் செல்லுதல் களப்பணியாளரின் கடமையாகும். ஆசிரியர்கள் நூற்றுவீதக் கணக்கை ஊர் மந்தையைக் கொண்டே கற்பிக்கலாம். எழுதப் படிக்க அறியாத மேய்ப்பர்க்கு அவர்தம் பிள்ளைகளே கணக்கராவர்.