ஒலிபெருக்கியை மாற்றுமுன் அறையைக் கவனியுங்கள்



வீட்டில் கிராஅத் கேட்பதற்கென விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை வாங்குவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். இதில் குறைகூற ஒன்றுமில்லை. நல்லோசையில் ஓதலைக் கேட்க விரும்புவது நல்ல விருப்பமே. ஆனால், வாங்கிய இணையை இரண்டாண்டு நிறையுமுன் விற்றுவிட்டு, இருமடங்கு விலையில் அடுத்ததை வாங்கி, அதிலும் ஏதோ குறைகிறதென்று மூன்றாவதைத் தேடும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியுள்ளது. பெரும்பாலும் குறை பெட்டியில் இல்லை. ஒப்பிடும் முறையிலும் அறையிலும்தான் உள்ளது என்பது என் கருத்து.

நமது செவிக்கு ஓர் இயல்பு உண்டு. இரண்டு ஒலிகளில் ஒன்று மிகச் சிறிதளவு, ஏறத்தாழ 1 டெசிபல், உரத்து ஒலித்தாலும் அதனை 'உரத்தது' என்று நாம் உணர்வதில்லை. 'தெளிவானது' என்றே உணர்கிறோம். கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றி இயக்கும்போது ஒலியளவைச் சமமாக்காவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. கண்ணும் செவியை ஏமாற்றுகிறது. ஃப்ளாய்ட் டூல் என்னும் ஒலியியல் அறிஞர் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல்லாண்டுகள் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் மறைத்துவைத்துச் சோதித்தவர். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில், பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் அளித்த மதிப்பெண்கள், பாராமல் கேட்டபோது மாறிப்போயின. ஆகவே ஒலியளவைக் கைப்பேசிச் செயலியால் அளந்து சமமாக்குங்கள். எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்று உங்களிடம் கூறாமல் வேறொருவர் மாற்றி இயக்கட்டும். விற்பனையாளர் இதற்கு இசையவில்லையெனில் அதுவே ஒரு விடைதான்.

எதைக் கேட்டு ஒப்பிடுவது? இடிமுழக்கத்தையும் வெடியோசையையும் காட்டித்தான் கடைகளில் விற்கின்றனர். மனிதக் குரலைவிடக் கடினமான தேர்வு வேறில்லை. பிபிசியின் பொறியாளர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளை வடிவமைக்கையில் பேச்சுக்குரலையே முதன்மையான உரைகல்லாகக் கொண்டனர். வெளியிட ஒலிபரப்பு வாகனங்களுக்காக 1970களில் அவர்கள் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ, 30 செ.மீ. உயரமே உள்ள சிறு பெட்டி. ஆழ்ந்த தாழொலி அதில் வராது. ஆயினும் குரலின் இயல்புக்காக இன்றும் அது தயாரிக்கப்பட்டு வருகிறது.

தஜ்வீத் கற்றவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஸாத், ஸீன் இரண்டிலும் ஸஃபீர் எனப்படும் சீழ்க்கைத் தன்மை உள்ளது. அது ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிப்பது; ட்வீட்டரின் பணி. ஆனால் ஸாதின் கனம் அதையடுத்த உயிரொலியில், அதற்கும் கீழே கேட்பது. அது பெரும்பாலும் ஊஃபரின் பணி. இவ்விரண்டும் கைமாறும் இடம் பல பெட்டிகளில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. அங்கே பிசகினால் சீழ்க்கை ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் நிற்பதுபோல் தோன்றும். நீங்கள் மனனமாக அறிந்த ஒரு சூராவை, நன்கு பழகிய காரியின் குரலில் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் முழுக் குர்ஆன் பதிவு 1961ஆம் ஆண்டினது. அன்றைய நாடாவில் பதியாத ஒன்றை எத்தனை இலட்ச ரூபாய்ப் பெட்டியாலும் சேர்த்துத் தர இயலாது.

இனி அறை. நமது வீடுகளில் தளம் டைல்ஸ், கூரை கான்கிரீட், சுவர் வெறுஞ்சுவர். எழுத்துகள் எதிரொலியில் கரைந்துபோகும். ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியின் தன்மையைப் பெட்டியைவிட அறையே தீர்மானிக்கிறது. மூலையில் திணித்துவைத்த பெட்டி முழங்கத்தான் செய்யும். சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுங்கள். ட்வீட்டர் அமர்ந்திருப்பவரின் செவியுயரத்தில் இருக்கட்டும். தரையில் கனமான விரிப்பு, சன்னலுக்குத் திரை, ஒரு சுவரில் கிதாபுகள் நிறைந்த அலமாரி. இவற்றால் கிடைக்கும் மாற்றத்தை, அடுத்த விலைப்படியில் உள்ள பெட்டியால் கிடைக்கும் மாற்றத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் புதியதை வாங்குவதைத்தான் நான் இஸ்ராஃப் என்கிறேன். விலை அதிகம் என்பதற்காக அன்று. பயனின்றிச் செலவாகிறது என்பதற்காக. வசதியுள்ளவர் சோதித்தறிந்து, நல்லதொன்றை ஒருமுறை வாங்கி இருபது ஆண்டுகள் வைத்திருந்தால் அதில் எனக்கு மறுப்பில்லை.

மெய்யாகவே பழுதானதும் உண்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஊஃபரைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு சில ஆண்டுகளில் பொடிந்துவிடும், குரல் கரகரக்கும். உடனே 'பெட்டி பழையதாகிவிட்டது' என்று விற்றுவிடுகின்றனர். அந்த விளிம்பை மட்டும் மாற்றித் தரும் பழுதுநீக்குநர்கள் இருக்கின்றனர். மாற்றும்போது ரப்பர் விளிம்பு பொருந்துமா என்று கேளுங்கள். ஈரத்தை அது நுரையைவிட நெடுநாள் தாங்கும்.